கிருபா தின்னாத கோதுமை

செவ்வாய்க்கிழமை, காலை 11.20. குற்றாலம் பேரருவிக்குப் பக்கத்தில், பெண்கள் உடை மாற்றும் அறை.

சாக்கடை மூடியில் ஷாம்பு பாக்கெட்டுகளும் தலைமுடிச் சுருள்களும் அடைத்துக்கொண்டிருந்தன. தேங்கி நின்ற அழுக்குத் தண்ணீரில் கன்னம் படிய ஒரு பெண் கிடந்தாள். வாந்தி காதுவரை வழிந்திருந்தது. சுடிதாரின் பின்பக்கம் நனைந்து நாறியது. குளித்துவிட்டு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவளைத் தாண்டிப் போனார்கள். ஒருத்தி செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

சீசன் பாதுகாப்புப் பணியில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் இசக்கிச்செல்வி அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டார். தன் மழைக்கோட்டைக் கழற்றி, கிடந்தவளின் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். நாடித் துடிப்பு நூல்போல ஓடியது.

அவளுடைய கைப்பையில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, சின்னப் பூட்டுப் போட்ட எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா. சாவி அவள் கழுத்துச் சங்கிலியில் சிலுவையோடு சேர்ந்து தொங்கியது. இன்னொன்று, கிழமைக்கு ஒன்றாக ஏழு அறைகள் வைத்த பிளாஸ்டிக் மாத்திரைப் பெட்டி.

சாப்பாட்டு டப்பாவுக்குப் பூட்டுப் போடுகிற ஆளை இசக்கிச்செல்வி அதுவரை பார்த்ததில்லை.

மதியம் 12.45. தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனை.

"பேரு கிருபா. வயசு முப்பத்தொண்ணு. என்னோட பேஷண்ட்தான்," என்றார் டாக்டர் அஃப்ரின். "சீலியாக்னு ஒரு நோய். கோதுமை, மைதா, ரவை, பார்லி எதுவும் ஆகாது. அதுல இருக்க குளூட்டன் குடலைப் புண்ணாக்கிரும். ஒரு ரொட்டித் துணுக்குகூட அவங்களுக்கு அதிகம்."

"எத்தனை நாளா?"

"எட்டு மாசத்துக்கு முன்னால கண்டுபிடிச்சோம். தனி கிரைண்டர், தனி இட்லிச் சட்டி, பெருங்காயம்கூட மைதா கலக்காததாப் பாத்து வாங்குனாங்க. ஆறு மாசத்துல அஞ்சு கிலோ ஏறிட்டாங்க. பெறவு ரெண்டு மாசமா சரியுது. ஹீமோகுளோபின் இப்ப அஞ்சரை. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா இதயம் தாங்கியிருக்காது."

"காரணம்?"

"கோதுமை உள்ள போயிட்டே இருக்கு. ரத்தப் பரிசோதனையில தெளிவாத் தெரியுது. ஒண்ணு, அவங்களே ஒளிஞ்சு தின்னணும். இல்ல, யாரோ குடுக்கணும்."

மதியம் 1.15. வார்டுக்கு வெளியே.

கிருபாவின் கணவன் ஜெபஸ்டின் எழுந்து நின்றான். கீழப்பாவூரில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். சட்டைக் கையை முழங்கைவரை மடித்து, மனைவி வாந்தியெடுத்த வாளியை அவனே கழுவி வைத்திருந்தான். நர்சுகள் அவனை மரியாதையாகப் பார்த்தார்கள்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒம்பது மணிக்கு ரோட்டோரம் பரோட்டாக் கடையில நானும் அம்மாவும் சாப்பிட்டோம். அவ டப்பாவுல கொண்டுவந்த இட்லியும் மிளகாப்பொடியும். அந்தக் கடை மாவு பறந்து விழுந்திருக்கும் மேடம். கேஸ் போடணும்."

"இதுக்கு முன்னால வந்ததெல்லாம்? அதுக்கும் அந்தக் கடையா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "சொல்லக் கூடாது. அவ ஒளிஞ்சு திங்குதாளோன்னு எனக்கு ஒரு சந்தேகம். மனசும் சரியில்ல. ஒரு மனநல டாக்டர்ட்ட காட்டணும்."

அவனுடைய அம்மா உலகம்மை ஒளிவுமறைவு இல்லாமல் பேசினாள். "ஊரே திங்கிற கோதுமை இவளுக்கு மட்டும் வெஷமாம். கல்யாண வீட்டுல கை நனைக்க மாட்டா. என் சட்டியத் தொட்டாக் கழுவுதா. நான் சொல்லத்தான் செய்வேன்."

"அவங்க சாப்பாட்டை நீங்க தொடுவீங்களா?"

"எங்கன தொட? அரிசிப் பானைக்கே பூட்டு. எம் மகன் பாவம். மாத்திரையக்கூட அவந்தான் ஞாயித்துக்கெழமதோறும் கதவச் சாத்திட்டு உக்காந்து அந்தப் பெட்டியில அடுக்குதான். எந்த ஆம்பள செய்வான்?"

மதியம் 2.10. பரோட்டாக் கடை.

மாஸ்டர் ஹுஸைஃபாவுக்கு ஐம்பது வயது இருக்கும். போலீஸ் ஜீப்பைப் பார்த்ததும் பிசைந்த மாவை அப்படியே விட்டுவிட்டார்.

"அந்தப் பொண்ணு உள்ளேயே வரல மேடம். மாவு பறக்கும்னு மழையில, காருக்குள்ளேயே டப்பாவத் தொறந்து சாப்பிட்டுச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு. அந்த ஆளு கண்ணாடி வழியா மாத்திரையும் தண்ணியும் குடுத்தாரு. எங்கிட்ட தண்ணி மட்டும்தான் வாங்குனாங்க, சீல் வச்ச பாட்டில்."

மாலை 3.30. வார்டு.

கிருபா கண் விழித்திருந்தாள். அறையில் டெட்டாலையும் மீறி நாற்றம் அடித்தது. அதற்காக அவள் போலீசிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"ஒளிஞ்சு ஏதும் தின்னீங்களா?"

"இல்ல மேடம்." கண் கலங்கியது. "ஆனா இப்ப எனக்கே சந்தேகம். தூக்கத்துல எந்திச்சுப் போய்த் திங்குதேனோன்னு. அவரு அப்படித்தான் சொல்லுதாரு."

"எல்லா நாளும் இப்படி இருக்குமா?"

"ஒரு வாரம் நல்லா இருப்பேன். அடுத்த வாரம் படுத்துருவேன். ஞாயித்துக்கெழம ராத்திரி ஆரம்பிக்கும். கோயில்ல குடுக்குற கோதுமை அப்பத்தாலயோன்னு நற்கருணை வாங்குறதயும் விட்டுட்டேன். அப்படியும் நிக்கல."

கட்டிலின் காலடியில் நர்ஸ் எழுதிய அட்டை தொங்கியது. இசக்கிச்செல்வி அதை எடுத்துப் படித்தார். பேதி நான்கு முறை. நிறம் வெளிர் மஞ்சள். எண்ணெய் மிதக்கிறது. அடுத்த வரியில் அவள் வழக்கமாகச் சாப்பிடும் மருந்து: இரும்புச் சத்து கேப்சூல், காலை ஒன்று, இரவு ஒன்று.

அவர் அந்த இரண்டு வரிகளையும் திரும்பத் திரும்பப் படித்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒரு அசிங்கமான கேள்வி கேக்கணும் கிருபா. வெளிய போகும்போது என்ன நிறத்துல போகும்?"

அவள் சுவரைப் பார்த்தாள். "மொதல்ல ஆறு மாசம் தார் மாதிரி கருப்பாப் போச்சு. பெறவு ரெண்டு மாசமா அந்தக் கருப்பு இல்ல. நல்லதுக்குத்தான்னு நெனச்சேன். இத யாருகிட்ட போய்ச் சொல்ல?"

மாலை 4.40. மறுபடியும் பரோட்டாக் கடை.

மாத்திரைப் பெட்டியில் ஒன்பது கேப்சூல்கள் மிச்சம் இருந்தன. ஐந்தை உறையிலிட்டு அரக்கு வைத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஒதுக்கினார் இசக்கிச்செல்வி. மற்ற நான்கையும் ஹுஸைஃபாவின் முன்னால் ஒரு கிண்ணத்தில் பிரித்துக் கொட்டினார். துருப்பிடித்த நிறத்தில் மருந்து வரவில்லை. வெள்ளை மாவு உதிர்ந்தது.

"பாய், இது அரிசியா கோதுமையான்னு இங்கனயே சொல்ல முடியுமா?"

ஹுஸைஃபா இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு, விரல் நுனியில் உருட்டினார். சற்று ஊறவிட்டு, குழாயைச் சன்னமாகத் திறந்து அதன் அடியில் பிசைந்தார். பால்போல வெள்ளைத் தண்ணீர் ஓடியது.

"அரிசின்னா மொத்தமும் கரைஞ்சு ஓடிரும். மைதான்னா சவ்வு நிக்கும் மேடம்."

தண்ணீர் தெளிந்தது. அவர் விரலை நீட்டினார். நுனியில் மிளகளவு சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தது. இழுத்தால் ரப்பர்போல நீண்டது.

"இத எதுக்கு மாத்திரைக்குள்ள வச்சிருக்கான்?" என்றார் ஹுஸைஃபா. பிறகு கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார்.

மாலை 5.30. மருத்துவமனையில் ஒரு காலி அறை. ஜெபஸ்டினும் உலகம்மையும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் அஃப்ரின் கதவருகே நின்றார்.

"எல்லாரும் கிருபா என்ன சாப்பிட்டாங்கன்னே தேடிட்டிருந்தோம்," என்றார் இசக்கிச்செல்வி. "டப்பாவுக்குப் பூட்டு, பானைக்குப் பூட்டு. மாத்திரையச் சாப்பாட்டுக் கணக்குல யாரும் சேக்கல. நானும் பிரசவத்துக்குப் பெறவு இரும்புச் சத்து மாத்திரை முழுங்கினவதான். அது உள்ள போனா வெளிய கருப்பாத்தான் வரும். கிருபாவுக்கு ரெண்டு மாசமா அது இல்ல. அப்ப முழுங்கினது இரும்பு இல்ல. அட்டையோட வாங்கின கேப்சூலப் பெட்டியில அடுக்கித் தந்தது நீங்க. கதவச் சாத்திட்டு."

ஜெபஸ்டின் மறுக்கவில்லை.

"நான் விஷம் வைக்கல மேடம். மைதாதான். வைகாசியில இலத்தூர்ல ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்துட்டு எதையும் தொடாம எந்திச்சா. சொந்தக்காரன் எல்லாம் சிரிச்சான். வீட்டுக்குள்ள ஒரு பிஸ்கட் பாக்கெட் கொண்டுவர முடியல. இது மனப்பிரமைன்னு நெனச்சேன். அவளுக்குத் தெரியாமக் குடுத்தா ஒண்ணும் ஆகாதுன்னு நிரூபிக்கத்தான்."

"எப்படிக் குடுத்தீங்க?"

"கேப்சூல்ல இருந்த மருந்தக் கொட்டிட்டு, ஒரு வாரம் மைதா, ஒரு வாரம் அரிசி மாவு. மாத்தி மாத்தி. ஒப்பிட்டுப் பாக்கணும்ல."

அவனுடைய போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. தேதி, வாந்தி எத்தனை, பேதி எத்தனை, எடை. இசக்கிச்செல்வி கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் படித்தார். வாளியை அவன் ஏன் தானே கழுவினான் என்பது இப்போது புரிந்தது. எண்ணியிருக்கிறான்.

"நோய் நெசம்னு எப்பத் தெரிஞ்சுது?"

"மொத வாரமே."

"பெறவு ஏன் நிறுத்தல?"

அவன் யோசித்தான். வகுப்பில் மாணவன் கேட்ட கேள்விக்கு யோசிப்பதுபோல யோசித்தான். "ஒரு தடவ தற்செயலா இருக்கலாம். மூணு நாலு தடவையாவது பாத்தாத்தான் முடிவு சொல்ல முடியும்."

டாக்டர் அஃப்ரின் வெளியே போய்விட்டார். உலகம்மை மகனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியை அவனிடமிருந்து தள்ளிப் போட்டு உட்கார்ந்தாள்.

இரவு 7.00. ஜீப் ஜெபஸ்டினை ஏற்றிக்கொண்டு கிளம்பிய பிறகு இசக்கிச்செல்வி வார்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னார். கிருபா அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்ப என் நோய் நெசந்தானா மேடம்?"

"நெசந்தான்."

"எனக்குக் கிறுக்கு இல்லயே?"

"இல்லம்மா."

அவள் பேப்பர் கேட்டாள். ட்ரிப்ஸ் ஏறாத கையால், கோணல் எழுத்தில், புகாரைத் தானே எழுதினாள்.

புதன்கிழமை, காலை 7.30.

உலகம்மை தூக்குவாளியோடு வந்தாள். சேலையைக்கூட மாற்றியிருக்கவில்லை. தம்ளரில் கஞ்சியை ஊற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"புதுப்பானை வாங்கி வச்சேன் கிருபா. வெறும் புழுங்கலரிசியும் உப்பும். நான் வாயால ஏசுனேன். இல்லன்னு சொல்லல. ஆனா கையால ஒண்ணும் செய்யல."

கிருபா தம்ளரைத் தொடவில்லை.

"நம்பலயா?" உலகம்மை தம்ளரை எடுத்து, ஒரு மடக்கு குடித்துக் காட்டினாள். "இந்தா பாரு. எனக்கு ஒண்ணும் ஆகல."

"நீங்க குடிச்சா ஒண்ணும் ஆகாது அத்தை," என்றாள் கிருபா. "என்னத் தவிர யாரு குடிச்சாலும் ஒண்ணும் ஆகாது."

உலகம்மைக்குப் புரியச் சற்று நேரமானது. பிறகு தம்ளரையும் தூக்குவாளியையும் எடுத்துக்கொண்டு வராந்தாக் கடைசியில் இருந்த தொட்டிக்குப் போனாள். கஞ்சி கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டும் சத்தம் வார்டுவரை கேட்டது.

கிருபா நர்சிடம் போனை வாங்கி, ஆய்க்குடியிலிருக்கும் தன் அண்ணனுக்குப் போன் போட்டாள். "ஒரு சின்ன அடுப்பும் ரெண்டு கிலோ அரிசியும் கொண்டுவா. சமைச்சுக் கொண்டுவராத," என்றாள். "நானே பொங்கிக்கிடுதேன்."