கால் சுற்று

எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கம், மதில் ஓரமாக ஒரு பழைய தகரக் கொட்டகை இருக்கிறது. பினாங்கில் இந்தப் பாயான் பாருவில் பாதிப் பேர் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறார்கள். ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். உள்ளே மாற்று மோட்டார்கள். ஓடுகிற மோட்டார் கெட்டால் உடனே தூக்கி மாட்டுவதற்காக மாதக்கணக்கில் சும்மா உட்கார்ந்திருப்பவை. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. என் பெயர் குகன்.

சும்மா இருக்கும் மோட்டார்தான் சீக்கிரம் கெடும். நடுவிலுள்ள கனமான இரும்புத் தண்டை ஷாஃப்ட் என்போம். அதை இரண்டு முனையிலும் பேரிங் தாங்குகிறது. ஒரே இடத்தில் பாரம் இறங்கி, கிரீஸ் வடிந்து, பேரிங் குண்டுகளில் துரு ஏறிவிடும். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு ஷாஃப்ட்டைக் கையால் நாலைந்து சுற்று சுற்றி, பழைய இடத்திலிருந்து கால் சுற்று தள்ளி நிறுத்த வேண்டும். முனையில் சாக்பீஸ் கோடு ஒன்று இருக்கும். இந்த வாரம் கோடு மேலே என்றால் அடுத்த வாரம் வலது பக்கம், அதற்கடுத்து கீழே. பிறகு அட்டையில் ஒரு கையெழுத்து. ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தைத்தான் போன வருஷம் பதினோரு வாரம் நான் திருடினேன். கேன்டீனில் உட்கார்ந்து, வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறுவதற்குள் பதினோரு கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டேன்.

முலாம் பூசும் பிரிவில் அமிலத் தொட்டிகளுக்கு மேலே ஒரு பெரிய விசிறி ஓடும். ஆவியை வெளியே இழுப்பது அதுதான். டிசம்பரில் அதன் மோட்டார் எரிந்தது. நான் கையெழுத்துப் போட்ட மாற்று மோட்டாரை மாட்டினார்கள். நாற்பது நிமிடம் ஓடிவிட்டு, பேரிங் இறுகி நின்றது. அலாரம் அடித்ததும் எல்லாரும் வெளியே ஓடிவந்தார்கள். கடைசித் தொட்டியில் நின்ற குணவதி அக்கா வந்து சேரவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அட்டையில் ஒரு வாரக் கையெழுத்துகூட விடுபடாததால், பேரிங்கே மட்டமான சரக்கு என்று விசாரணையை முடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

மார்ச்சில் அவருடைய தங்கை ரூபினியை அதே தொட்டியில் வேலைக்கு வைத்தார்கள். குடும்பத்துக்கு உதவியாம்.

கொட்டகைக்குப் புது மாற்று மோட்டார் வந்தது. கோட்டை மேலே நிறுத்திவிட்டுப் பூட்டினேன். அடுத்த வெள்ளி திறந்தபோது கோடு வலது பக்கம் இருந்தது.

சாவி என்னிடம் மட்டும்தான்.

அதற்கடுத்த வெள்ளி, நான் தொடாமலே கோடு கீழே இருந்தது. அன்றைக்குக் கொட்டகைக்குள் யூகலிப்டஸ் தைல வாசனை. தொட்டிக்காரப் பெண்கள் அமில நெடி தெரியாமலிருக்க முகமூடிக்குள் அந்தத் தைலத்தைத் தடவிக்கொள்வார்கள். குணவதி அக்கா கொஞ்சம் தாராளமாகவே தடவுவார். கேன்டீனுக்குள் அவர் வந்தால் வாசனை முதலில் வரும். கொட்டகையைப் பூட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கேன்டீனுக்குப் போனேன்.

இன்னொரு வாரம். கோடு இடது பக்கம்.

என் குணம் எனக்குத் தெரியும். பயந்தது கொஞ்ச நாள்தான். அப்புறம் அதுவே வசதியாகிவிட்டது. தங்கை அந்த விசிறிக்கு அடியில் நிற்கிறாள், அக்கா மோட்டாரைக் கெட விடுவாளா, அவளே பார்த்துக்கொள்வாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொட்டகையைத் திறப்பதையே நிறுத்தினேன். மறுபடியும் கேன்டீன், மறுபடியும் கையெழுத்து. பேயை நம்பி வேலையை விட்ட ஆள் இந்தப் பினாங்கிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், பராமரிப்புப் பிரிவுத் தலைவர் வேலு அண்ணன் கூப்பிட்டார்.

"குகா, ஃபேன் மோட்டார் டிரிப் ஆகி நின்னுடுச்சு. ஸ்பேரை ரெடி பண்ணு, ஃபோர்க்லிஃப்ட் வருது. ஒரு மணி நேரத்துல லைன் ஓடணும்னு பாஸ் தலமேல நிக்கிறாரு லா."

கொட்டகையைத் திறந்தேன். தகரக் கூரையில் மழைச் சத்தம் காதை அடைத்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

கோடு இடது பக்கம்.

நான் கடைசியாகப் பார்த்த அதே இடம்; ஷாஃப்ட் முனையில் கட்டியிருந்த சிலந்தி வலைகூட அறுபடவில்லை. நாலு மாதமாக ஒருத்தரும் அதைத் திருப்பவில்லை.

ஷாஃப்ட்டைப் பிடித்துச் சுற்றினேன். சுற்றியது; ஆனால் ஒரு இடத்தில் மணலை மெல்வது போல நெருடியது. மாட்டினால் ஓடும். கொஞ்ச நேரம் ஓடும். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பேரிங் மூடியில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டேன். பேரிங்கின் நோயை நாங்கள் அப்படித்தான் கேட்போம். இன்னொரு கையால் ஷாஃப்ட்டை மெல்லத் திருப்பினேன்.

கரகரப்பு கேட்டது. கையை எடுத்தேன். ஷாஃப்ட் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

அது இருமல்.

மூச்சுக் கிடைக்காமல், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் இருமுகிற இருமல்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டேன். அதே நேரம் வேலு அண்ணன் நனைந்துகொண்டே உள்ளே வந்தார்.

"அண்ணே, இத மாட்டாதீங்க. பேரிங் போச்சு."

அவர் குனிந்து ஷாஃப்ட்டை இரண்டு விரலால் சுண்டினார். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"நல்லாத்தானே இருக்கு? நீ வாரா வாரம் திருப்புனியா இல்லியா? அத மட்டும் சொல்லு."

இல்லை என்று சொன்னால் போன வருஷக் கதையும் கூடவே வரும். அட்டை என் சட்டைப் பையில் இருந்தது. பதினாறு கையெழுத்து, எல்லாம் என்னுடையது.

"திருப்புனேண்ணே."

"அப்புறம் என்ன லா. தூக்கு."

மாட்டினார்கள். விசிறி சுற்ற ஆரம்பித்தது. ரூபினி முகமூடியைச் சரிசெய்துகொண்டு கடைசித் தொட்டிக்குப் போய் நின்றாள். நான் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் அவள் வெளியே வந்துவிடுவாள். சொல்லவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.

நாற்பதாவது நிமிடம் விசிறியின் சத்தம் இறங்கியது.

ரூபினி நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

பிறகு, விழப்போன பாரத்தை யாரோ தோள் கொடுத்துத் தூக்கியது போல, சத்தம் மறுபடி ஏறி ஒரே சீராக ஓடியது. தீபாவளி வரைக்கும் அது ஒரு முறைகூட நிற்கவில்லை. இரவில் நான்தான் தூங்கவில்லை.

தீபாவளி லீவில் தொழிற்சாலை மூடியதும் எல்லா மோட்டார்களையும் பிரித்துப் பார்ப்பது வழக்கம். குணவதி அக்கா இறந்து ஒரு வருஷம் ஆகாததால் அவர்கள் வீட்டில் தீபாவளி இல்லை. ரூபினி தொட்டி கழுவ வந்திருந்தாள். பட்டறையில் நானும் வேலு அண்ணனும் அந்த மோட்டாரை மேசைமேல் ஏற்றி, இரண்டு பக்கத்து மூடியையும் கழற்றினோம்.

பேரிங் இல்லை.

இரண்டு முனையிலும் துருப்பொடிதான் கொட்டியது. ஒரு குண்டுகூட மிச்சமில்லை. பேரிங் போனால் ஷாஃப்ட் கீழே சரிந்து, மோட்டார் உரசி, ஒரு நிமிடத்தில் எரிந்துவிடும். இது ஒரு மாதம் ஓடியிருக்கிறது.

"இது எப்படிடா ஓடுச்சு?" வேலு அண்ணனின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

அப்போது சொன்னேன். இந்த வருஷத்தையும் போன வருஷத்தையும், பதினோரு வாரத்தையும் சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் கதவருகே ரூபினி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது.

"நீங்க அத திருப்பியிருந்தா எங்கக்கா இருந்திருப்பாங்க, இல்லண்ணே?"

"ஆமா."

அவள் அழவில்லை. கையுறைகளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனாள். வேலு அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல், பாஸுக்கு ஃபோன் பண்ணப் போனார்.

பட்டறையில் நானும் மோட்டாரும்தான். யூகலிப்டஸ் வாசனை மூக்கில் ஏறியது. அப்போதுதான் கவனித்தேன். மூடி இல்லை, பேரிங் இல்லை. ஷாஃப்ட் கீழே சரிந்து கிடக்க வேண்டும். அது நட்டநடுவில் நின்றது. சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. எதன்மேலும் படவில்லை.

கையை வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. அடியிலிருந்து ஒரு பாரம் என் கையை எதிர்த்துத் தள்ளியது.

"அக்கா," என்றேன். "ரூபினி வெளிய போயிட்டாங்க. போதும்க்கா. விட்டுடுங்க."

டங்கென்று ஷாஃப்ட் கீழே விழுந்தது.

என் கையை மட்டும் விடவில்லை.