முதலில் வந்த பெயர்

விராலிமலைக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு ஷர்லி மருமகளாய் வந்த நாளிலிருந்தே, அடுப்பு எரியாத வேளையிலும் சர்க்கரை கருகும் வாசனை வந்துகொண்டிருந்தது. புருஷன் பெலிக்ஸிடம் கேட்டால், "மூக்கா அது, மோப்ப நாயா?" என்று சிரிப்பான். சிரித்துவிட்டு, சமையலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வான்.

அன்று சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மலைப் பக்கம் மயில்கள் விடாமல் அகவின. மாதா கோயில் தேர்த் திருவிழா விருந்துக்கு உறவுக்காரர்களை அழைக்க, பெலிக்ஸ் வெகுநாளாய் வைத்திருந்த எக்செல் பட்டியலை லேப்டாப்பில் திறந்தாள் ஷர்லி. ஒருவருக்கே இரண்டு தடவை அழைப்புப் போய்விடக் கூடாதே என்று, செல்போன் நம்பர் பத்தியில் டூப்ளிகேட்டுக்கு நிறம் கொடுத்தாள்.

இரண்டு கட்டங்கள் சிவந்தன.

கடைசி வரியில் அவள் பெயர். முதல் வரியில், சகாயராணி.

பெலிக்ஸின் முதல் மனைவி. இறந்து மூன்று வருஷம்.

ஒரே நம்பர்.

கல்யாணத்தன்று பெலிக்ஸ் ஆசையாய் ஷர்லியின் கையில் வைத்த சிம் அது.

"என்னங்க, இங்கிட்டு வாங்க. இது யாரு நம்பரு?"

எட்டிப் பார்த்த பெலிக்ஸின் முகம் வெளிறியது. "அவளோடதுதான். விட மனசு வரல ஷர்லி. ரீசார்ஜ் பண்ணிக்கிட்டே இருந்தேன்."

"அப்ப நான் யாரு? அவ போனை எடுத்துப் பேச ஒரு ஆளா?"

"டீ போட்டு வாரேன்" என்று நழுவினான்.

ஷர்லிக்கு ஆத்திரம் பொங்கியது. செத்தவள் பெயர் இனி இந்த வீட்டில் எதற்கு? 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' தட்டினாள். முதலில் வந்ததை வைத்துக்கொண்டு, பின்னால் வந்ததைத்தான் எக்செல் அழிக்கும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. கோபத்தில் மறந்துபோனாள்.

சகாயராணி அப்படியே இருந்தாள்.

ஷர்லியைக் காணோம்.

மயில்கள் சட்டென்று அடங்கின. கருகல் வாசனை அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. கழுத்தில் யாரோ மெல்ல மூச்சுவிட்டாற்போல் இருந்தது. அழித்ததைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள்.

விரல் நகரவில்லை.

சமையலறையிலிருந்து பெலிக்ஸ் கேட்டான், "எப்பவும் போல சர்க்கரை இல்லாமத்தானே ஒனக்கு?"

ஆமாம் என்று சொல்லத்தான் ஷர்லி வாயைத் திறந்தாள்.

"சர்க்கரை இல்லாம நான் என்னைக்குங்க குடிச்சேன்? தூக்கலாப் போட்டு எடுத்துட்டு வாங்க."

அது அவள் குரல் இல்லை.

அங்கே கரண்டிச் சத்தம் நின்றது.

பிறகு, அழுகையும் சிரிப்புமாய், பெலிக்ஸ் கிசுகிசுத்தான்.

"வந்துட்டியா, ராணி?"