துருத்தியை நிறுத்திய குண்டூசி

தேவாலய மாடியில் ஆர்கன் பெட்டிக்குப் பின்னால் நின்று துருத்தி மிதிப்பது குண்டூசியின் வேலை. அவள் மிதித்தால்தான் காற்று வரும். காற்று வந்தால்தான் பாட்டு வரும். அவள் பெரிய வீட்டுத் தையல்காரியின் தங்கை, ஆளும் ஒல்லி. அதனால்தான் அந்தப் பெயர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆர்கன்காரர் கோட்டைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"ஆராதனை முடிஞ்சதும் பெரிய வீட்டுக்குப் போறேன் குண்டூசி. ஐயா வெளியூர்லேர்ந்து வந்துட்டாராம். அவர் பொண்ணைக் கேக்கப் போறேன்."

பெரிய வீட்டுப் பெண் என்று அவர் நினைத்திருந்தது குண்டூசியின் அக்காவை.

ஐயாவின் மகள் சின்னம்மாவுக்கு முன்வரிசை பிடிக்காது. பார்ப்பவர்கள் எல்லாம் எழுந்து வணங்குவார்கள். கடைசி வரிசையில் அனாதை இல்லப் பிள்ளைகளோடு பாடத்தான் அவளுக்கு ஆசை. அதனால் ஐயா ஊரில் இல்லாத ஞாயிறுகளில், வரும் வழியில் குதிரை வண்டிக்குள்ளேயே அவளும் அக்காவும் உடை மாற்றிக்கொள்வார்கள். அக்கா நீலப் பட்டும் முகம் மறைக்கும் வலைத் தொப்பியுமாக முன்வரிசைக்குப் போவாள். சின்னம்மா அக்காவின் சாயம் போன அங்கியில் பின்னால் போவாள்.

ஒரு நாள் அக்கா தங்கையைப் பார்க்க மாடிக்கு வந்தாள். "வாங்க சின்னம்மா" என்று ஆர்கன்காரர் எழுந்து நிற்கவும் உண்மையைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். அதற்கப்புறம் அவரோடு பேசவே வந்தாள்.

"தைக்கிறவள்னு தெரிஞ்சா திரும்பியாவது பாப்பாரா?" என்று நேற்று அழுதாள்.

இவர் போய் ஐயாவிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். அக்காவுக்கு வேலையும் போகும், இவரும் விலகிவிடுவார்.

கடைசிப் பாட்டு தொடங்கியது. "ஆண்டவரே, திட்டு விழுந்தா எனக்கு மட்டும் விழட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு, குண்டூசி துருத்தியிலிருந்து காலை எடுத்தாள்.

ஆர்கன் பசித்த பூனை மாதிரி முனகி நின்றது. கீழே சபையார் துணையில்லாமல் பாட்டை இழுத்துக்கொண்டு போனார்கள்.

ஆர்கன்காரர் ஓடி வந்தார். "என்னாச்சு? கால்ல அடியா?"

"அண்ணா, அது சின்னம்மா இல்ல. எங்க அக்கா. துணி தைக்கிறவ."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ, காலர்ல குத்தியிருக்குமே ஊசி?"

"தைக்கிறவங்க அப்படிக் குத்தி வைப்பாங்க. எடுக்க மறந்துடுவா."

"பெரிய இடத்து நாகரிகம்னுல்ல நெனச்சேன்" என்று தன் காலரைத் திருப்பிக் காட்டினார். அங்கேயும் ஓர் ஊசி இருந்தது.

குண்டூசிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பயம் போகவில்லை. "கோவமா அண்ணா?"

"எங்கிட்ட சொல்லலையேன்னு வருத்தம்தான்" என்றவர் சற்று யோசித்தார். "ஐயா முன்னால எப்படிப் போய் நிக்கிறதுன்னு நடுங்கிட்டிருந்தேன். அந்த நடுக்கம் போச்சு. சரி, உங்க வீட்டுல யார்கிட்ட பொண்ணு கேக்கணும்?"

"அப்பா அம்மா இல்ல. அக்காவும் நானும்தான்."

ஆர்கன்காரர் எழுந்தார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஐயா முன் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"அப்போ உங்களைத்தான் கேக்கணும். உங்க அக்காவை எனக்குக் கட்டிக் கொடுப்பீங்களா?"

இதுவரை யாரும் அவளை 'நீங்க' என்று சொன்னதில்லை.

"அக்காவைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றாள் குண்டூசி, பெரிய மனுஷி மாதிரி. "மொதல்ல போய் வாசிங்க. பாவம், கீழ மூச்சு வாங்குறாங்க."

அவர் ஓடினார். அவள் துருத்தியின்மேல் ஏறி நின்று, இரண்டு காலாலும் மிதித்தாள்.