முகத்தை மறைக்கச் சொன்னவள்

பகல் பதினொரு மணிக்கு அந்தப் பழைய வீட்டின் முன் காரை நிறுத்தி இறங்கியபோதே ரூல்ஸ் சாருக்கு முகம் கோணிவிட்டது. வாசல் கதவில் பாதி பெயின்ட் தானாக உதிர்ந்திருந்தது. மீதியைக் கத்தியால் சுரண்டியிருந்தார்கள். பேய் வீடு என்று பார்க்கிறவர்கள் நம்ப வேண்டுமாம்.

வீடியோ சேனல் நடத்துகிறவர்களுக்குத் தளத்தின் விதிகளைப் புரியவைத்து, சேனலை வளர்த்துவிடுவது அவர் தொழில்; அதனால்தான் எல்லோருக்கும் அவர் ரூல்ஸ் சார். சொந்தமாக எடுத்த ஒரு வீடியோவும் ஓடியதில்லை. ஆனாலும் எடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். சமையல் சேனல் என்றால் அரைவேக்காடு, பயணச் சேனல் என்றால் வேலைவெட்டி இல்லாதவன். பேய்ச் சேனல்காரர்களை அவர் ஆளாகவே மதிப்பதில்லை. விதிகளை இவரே உட்கார்ந்து எழுதியது போல ஒரு தோரணை வேறு.

கதவைத் திறந்தவன் லாரி ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு இந்தச் சேனலை மட்டுமே நம்பியிருந்தான். அவன் பின்னால் ஏழு மாத வயிற்றோடு மனைவி. வீட்டை வாடகைக்கு எடுத்து, நூல் கட்டிக் கதவைச் சாத்தி, குளியலறையில் உட்கார்ந்து அழுது, இருவருமாக உலகத்தைப் பயமுறுத்திக்கொண்டிருந்தார்கள். தளம் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. மூன்றாவது வந்தால் சேனலுக்கு மூடுவிழா. புதிதாக வந்திருக்கும் புகாருக்குப் பதில் சொல்ல மாலை ஐந்து மணி வரைதான் கெடு.

"புகாரைக் காட்டுங்க தம்பி."

லேப்டாப்பில் மூன்றே வரி. அவர்களுடைய சேனலில் நன்றாக ஓடிய வீடியோவின் மேல் யாரோ ஒரு பெண் கொடுத்த புகார். "நான்காவது நிமிடம், பன்னிரண்டாவது நொடியில் நான் இருக்கிறேன். என்னைக் கேட்காமல் எடுத்திருக்கிறார்கள். என் முகத்தை மறைக்க வேண்டும்."

"யாரு இந்தம்மா?"

"தெரியல சார். அன்னிக்கு நாங்க ரெண்டு பேர்தான். ஆரம்பத்துல நான் பேசுவேன், அப்புறம் நான் கேமரா, இவ நடிப்பு."

அந்த நொடியில் நிறுத்திப் பார்த்தார். காலி நடை. ஈரம் ஏறிய சுவர். அவ்வளவுதான்.

ரூல்ஸ் சார் வாய்விட்டுச் சிரித்தார். "சுவரு புகார் குடுத்திருக்கு! வேற எவனோ பேய்ச் சேனல்காரன் வயித்தெரிச்சல்ல பண்ணின வேலை. இதுக்கா என்னை வரச்சொன்னீங்க?"

பதில் மனுவைத் தட்டச்சு செய்தார். எழுதும்போதே சத்தமாகப் படித்தார். "இப்படி ஒரு நபர் உலகத்திலேயே இல்லை. புகார் பொய்."

மனைவி மெல்லக் குறுக்கிட்டாள். "சார், வீடியோல இல்லைன்னு எழுதுங்க. உலகத்துலயே இல்லைன்னு எழுதாதீங்க."

"ஏம்மா, கோச்சுக்குமா?"

அவள் நடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கெல்லாம் பூச்சாண்டி காட்டுறீங்க, உங்களுக்கே பயமா? நல்ல கூத்து." அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே மட்டும், நெடுநாள் காயாத துணியின் வாடை மெதுவாகப் பரவியது. நடைக்குள் எங்கோ, ஈரத் தரையில் வெறுங்கால் ஒட்டிப் பிரிவதைப் போல ஒரு சத்தம்.

ஒரு முறை.

சற்று நேரம் கழித்து, இன்னும் கிட்டத்தில், இன்னொரு முறை.

"யாரு உள்ள?" என்றார் ரூல்ஸ் சார்.

"யாருமில்ல சார்," என்றான் கணவன். அவன் குரல் இறங்கியிருந்தது.

அதற்குள் பதில் வந்துவிட்டது. மூன்று நாள் ஆக வேண்டியது மூன்றே நிமிடத்தில் வந்திருந்தது. "புகார் அளித்தவர் இருப்பது உறுதி செய்யப்பட்டது. அவருடைய முகத்தை மறைக்கவும்."

"மெஷின் அனுப்புற பதில். அதுக்கு ஏது மூளை?" என்று முனகிக்கொண்டே ரூல்ஸ் சார் முகத்தை மங்கலாக்கும் வசதியைத் திறந்தார். வீடியோவில் இருக்கும் முகங்களை எல்லாம் அதுவே தேடி எடுத்து ஆளுக்கொரு கட்டத்தில் வைக்கும். எந்த முகத்தைத் தொடுகிறோமோ, அந்த முகம் எங்கே போனாலும் மங்கல் அதன் கூடவே போகும்.

முதல் கட்டத்தில் கணவன். இரண்டாவதில் மனைவி.

மூன்றாவது கட்டமும் இருந்தது.

அதில் வெறும் சுவர். ரூல்ஸ் சார் தோளைக் குலுக்கிவிட்டு அதைத் தொட்டார். வேலை சரியாக ஆகியிருக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தார்.

நான்காவது நிமிடம், பன்னிரண்டாவது நொடி. சுவரின் மேல், ஆள் உயரத்தில், ஒரு மங்கல் வட்டம்.

அது நகர்ந்தது.

நடையில் ஓர் ஆள் நடந்து வரும் வேகத்தில், லேசாக ஏறி இறங்கி வந்தது. நடுங்குவது போல நடித்துக்கொண்டிருந்த மனைவியின் தோளுக்குப் பின்னால் நின்றது. அவளைச் சுற்றி முன்னால் வந்தது. பிறகு மெல்லத் தாழ்ந்து, அவள் வயிற்றின் மேல் காதை வைப்பது போலச் சாய்ந்தது.

வீடியோ முடியும்வரை அங்கிருந்து அசையவில்லை.

"ஏங்க," என்றாள் மனைவி. "அன்னிக்கு என் வயித்துல கை வெச்சது நீங்கதானே?"

"நான் கேமரா புடிச்சிட்டிருந்தேனேடி."

"ஈரக் கறைம்மா அது. மெஷின் முகம்னு நெனச்சு ஏமாந்துடுச்சு," என்றார் ரூல்ஸ் சார். அவசர அவசரமாகச் சேமித்தார். புகார் முடிக்கப்பட்டது என்று வந்தது. சேனல் தப்பியது. கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் காருக்கு ஓடினார். பாதி வழியில் பயம் தெளிந்ததும், முட்டாள் ஜென்மங்கள் என்று அந்த இருவரையும் வாயாரத் திட்டிக்கொண்டார்.

இரண்டரை மாதம் கழித்து ஒரு மத்தியான வேளையில், அந்தக் கணவன் வீடியோ காலில் கூப்பிட்டான். பேய் வீட்டைக் காலி செய்துவிட்டார்களாம். பெண் குழந்தை பிறந்து பதினாறு நாளாம். இப்போது அதே சேனலில் குழந்தை வீடியோ போடுகிறார்களாம். பேயை விற்றாகிவிட்டது, இனி பிள்ளையா என்று ரூல்ஸ் சாருக்குக் குமட்டியது.

"என்ன பிரச்சினை?"

"பாப்பா முகம் எதுலயும் தெரிய மாட்டேங்குது சார். மங்கலாவே விழுது."

"கேமராவைத் துடைங்கய்யா."

"மூணு போன் மாத்திட்டேன் சார். நேர்ல பார்த்தா நல்லாத்தான் இருக்கா."

சேனலைத் தன் கணினியில் திறந்து, புது வீடியோவில் இருந்த முகங்களைத் தேடச் சொன்னார். இரண்டு கட்டங்கள் வந்தன. ஒன்றில் மனைவி. இரண்டாவதில், துணியில் சுற்றிய குழந்தை. அதன் கீழே இருந்த வரியைச் சத்தமாகப் படித்தார்.

"இந்த நபரின் முகம் அவருடைய கோரிக்கையின் பேரில் ஏற்கெனவே மறைக்கப்பட்டுள்ளது."

பக்கத்தில் தேதியும் இருந்தது. பிள்ளை பிறப்பதற்கு இரண்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

"சார்? இதுக்கு என்ன ரூல் சார்?"

ரூல் அவருக்குத் தலைகீழாகத் தெரியும். "யாரு மறைக்கச் சொன்னாங்களோ... அவங்களே வந்து வாபஸ் வாங்கணும்."

"யாரு சார் சொன்னது?"

ரூல்ஸ் சார் அந்தத் தேதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாப்பா கையிலதான் இருக்கா. நீங்களே பாருங்க சார்." அவன் போனைத் திருப்பினான்.

இன்னும் கழுத்து நிற்காத குழந்தை, தகப்பன் தோளில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. ரூல்ஸ் சார் திரையை அணைக்கக் கையை நீட்டினார். அதற்குள் அந்தச் சின்னத் தலை தோளைவிட்டு நிமிர்ந்து எழுந்து, மெதுவாக அவர் பக்கம் திரும்பியது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கல் வட்டம் ஒன்று அவரையே பார்த்தது.