தண்ணீர் ஊற்றத் தடை

கறிவேப்பிலைச் செடி செத்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அகல்யா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை.

"சாகலை! தண்டைக் கீறிப் பாருங்க, உள்ள பச்சையா இருக்கு!"

போன லீவில் திருநெல்வேலியிலிருந்து தில்லி வரை, ரயிலில் மடியிலேயே வைத்து அவள் கொண்டுவந்த செடி அது. இப்போது இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து, வெறும் குச்சியாக நின்றது.

"ஏட்டி, மே மாசம் பால்கனில கூலர் வைக்கணும்" என்றாள் அம்மா. "அதுக்குள்ள துளிர்க்கலைன்னா தூக்கிப் போட்டுருவேன்."

"துளிர்த்தா?"

"கூலரை ஜன்னல்ல மாட்டச் சொல்லுதேன், போ."

அப்போது வீட்டுக்கு வந்திருந்த கீழ்வீட்டுப் பரமசிவம் அங்கிள் சிரித்தார். "டெல்லில கருவேப்பிலை வராதும்மா. நானும் வச்சுப் பாத்துட்டேன். எல்லாம் போச்சு."

"வராதுன்னு செடி சொல்லிச்சா அங்கிள்?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டே படியிறங்கிவிட்டார்.

செடிக்கு என்னதான் ஆகிறது என்று பார்க்க, மறுநாள் அகல்யா பால்கனியிலேயே காவல் உட்கார்ந்தாள். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் காலையில் மட்டும்தான் குழாயில் தண்ணீர் வரும். அதனால் அவர்கள் வீட்டில் ஒரு சொட்டும் வீணாகாது. சாமிக்கு வைத்த செம்புத் தண்ணீரை அப்பா செடிக்கு ஊற்றினார். அரிசி களைந்ததை அம்மா ஊற்றினாள். விளையாடிவிட்டு வந்த தம்பி மாதவ், பாட்டிலில் மிஞ்சியதைக் கவிழ்த்தான்.

சாயங்காலம் வரை தண்ணீர் உள்ளே இறங்கவே இல்லை. தொட்டியில் குளம் கட்டி நின்றது. தொட்டியில் இருந்தது குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் தோண்டிய களிமண். நனைந்தால் பசை, காய்ந்தால் செங்கல்.

"பாவம், இது மூச்சு விட வேண்டாமா?" என்று அகல்யா கத்தினாள். "போதும்! இனி யாரும் தண்ணி ஊத்தக்கூடாது!"

தமிழில் எழுதினால் தப்பு வரும் என்று, 'தண்ணீர் ஊற்றத் தடை' என இந்தியில் ஓர் அட்டை எழுதி மாட்டினாள்.

கீழே ரிப்பேர் வேலைக்காகப் பதர்பூர் மணலைக் குவித்திருந்தார்கள். சிவப்பான, சொரசொரவென்ற மணல். கொத்தனார் கை கழுவிய தண்ணீர் அதன்மேல் விழுந்ததும் காணாமல் போனது. பக்கத்து மண்ணிலோ அப்படியே தேங்கியது. அகல்யா இதைப் பார்த்துவிட்டாள்.

கொத்தனாரிடம் கேட்டு ஒரு வாளி மணல் வாங்கி வந்தாள். ஓட்டை போட்ட இரண்டு டப்பாக்களை எடுத்தாள். ஒன்றில் வெறும் களிமண், மற்றதில் களிமண்ணும் மணலும். தண்ணீர் ஊற்றினாள். முதல் டப்பாவில் தண்ணீர் அப்படியே நின்றது. இரண்டாவது உடனே அடியில் சொட்டியது.

அவ்வளவுதான், செடியைத் தொட்டியோடு கவிழ்த்துவிட்டாள்.

"ஏட்டி! இருக்கிற உசிரையும் எடுக்கப் போறியா?" என்று அம்மா ஓடிவந்தாள்.

மண் சாக்கடையாக நாறியது. பாதி வேர் கறுத்து அழுகியிருந்தது. நடுவில் கொஞ்சம் வெள்ளை வேர்.

"இந்தா இருக்கு பாருங்க உசிரு!"

அழுகியதை வெட்டி எறிந்தாள். தொட்டியின் ஓட்டையில் அடைத்திருந்த களிமண்ணைக் குச்சியால் குத்தி எடுத்து, மேலே ஓர் ஓட்டுத் துண்டைக் கவிழ்த்தாள். களிமண்ணை உதிர்த்து, சரிபாதி மணலும் நொறுக்கிய காய்ந்த வேப்பிலையும் கலந்து, செடியை நட்டு, தண்ணீர் விட்டாள். அது சர்ரென்று வடிந்து கீழ்வீட்டுப் பால்கனியில் கொட்டியது.

"யாரது! என் பனியனெல்லாம் நனையுது!" என்று பரமசிவம் அங்கிள் கத்தினார்.

"வடியுது அங்கிள், வடியுது!" என்று அகல்யா குதித்தாள்.

மறுநாள் அப்பா வழக்கம்போலச் செம்போடு வந்தார். அகல்யா கைகளை விரித்து மறித்தாள்.

"சாமி தண்ணிம்மா."

"சாமியே வந்தாலும் ஊத்தக்கூடாது!"

அப்பா செம்புத் தண்ணீரைக் கீழே வேப்பமரத்துக்கு ஊற்றப் போனார். அகல்யா தினமும் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினாள்.

மே மாதம் கூலர் வந்தது.

"அந்தக் குச்சிய எடு" என்றாள் அம்மா.

அகல்யா தொட்டியைக் கட்டிக்கொண்டாள். "முதல்ல குனிஞ்சு பாருங்க!"

அம்மா குனிந்தாள். குச்சியின் கணுவில் கடுகளவு பச்சை. அதற்கு மேலே இன்னொன்று. அம்மா மெல்ல நிமிர்ந்து கூலர்காரரிடம் இந்தியில் சொன்னாள்: "பையா, கிட்கி மே லகாவோ."

கூலர் ஜன்னலுக்குப் போனது.

அன்று சாயங்காலம் பரமசிவம் அங்கிள் ஒரு காலித் தொட்டியோடு படியேறி வந்தார்.

"அகல்யா, அந்த மணல் மிச்சம் இருக்கா?"

"இருக்கு அங்கிள்" என்றாள் அவள். "ஆனா ஒரு கண்டிஷன். நான் சொல்லாம தண்ணி ஊத்தக்கூடாது!"