ஸ்ரீமதிக்கு முளைத்த மீசை!

'வீல்...!'

அலறல் எதிர் வீட்டுக் குளியலறையிலிருந்து வந்தது.

காலை நேரம். தென்காசிக்கு மேல் மேகம் குவிந்து சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தேன். பொய்... எறிந்தேன்!

அலறல் கேட்டால் மற்றவர்கள் பயப்படுவார்கள். நான் செருப்பைத் தேடுவேன்.

என் பெயர் ஜோதிலட்சுமி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவள். அடுத்தவர் பேச்சு காதில் விழும் வேலைக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்தது. இப்போது அதே சேவையைத் தெருவுக்கு இலவசமாகச் செய்கிறேன்.

எதிர் வீட்டுக்குள் பாய்ந்தேன்.

கண்ணாடி முன்னால் ஸ்ரீமதி. முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

"என்னட்டி ஆச்சு? பல்லியா? பாம்பா?"

"மீசை, அக்கா!"

முந்தானையை எடுத்தாள்.

மீசைதான்! மேலுதட்டில் கருகருவென்று ஒரு கோடு. தாடையில் நாலைந்து முடி. நெற்றி நிறையப் பரு. அதைவிடப் பயங்கரம் அவளுடைய குரல்! குற்றால சீசனுக்கு முன்னால் வரை மெல்லிய குரல். இப்போது பஸ் ஸ்டாண்டில் 'செங்கோட்டை... செங்கோட்டை...' என்று கூவுகிற கண்டக்டர் குரல்!

"சளி பிடிச்சிருக்குன்னுல்லா நெனச்சேன்!"

"சளியும் இல்ல, ஒண்ணும் இல்ல. மாசாமாசம் வரது கூட ரெண்டு மாசமா வரல்ல. கர்ப்பமும் இல்ல, பாத்துட்டேன்." என் கையைப் பிடித்தாள். "எனக்கு யாரோ என்னமோ குடுக்காங்க, அக்கா..."

"யாரு?"

ஸ்ரீமதி வாசல் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். அந்தக் குரல் தாழ்ந்தும் தெருமுனை வரை கேட்டது.

"அவுகதான்."

அவுக என்றால் அவள் கணவன் செந்தில்வேல். பத்திர ஆபீசில் வேலை. எறும்பு கடித்தால் எறும்பிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள்.

அப்படிப்பட்டவர்கள்தான் கொலை செய்வார்கள்! நான் எத்தனை க்ரைம் கதை படித்திருக்கிறேன்!

"தெனமும் காலையில ரூமைச் சாத்திக்கிடுதாக. வெளிய வந்தா ஸ்பிரிட் வாடை. என்னன்னு கேட்டா மூஞ்சைத் திருப்பிக்கிடுதாக. ஒரு வருசமாவே ஒட்டுறவு இல்ல, அக்கா. ஒரு சிரிப்பு இல்ல. ராத்திரி சோத்தைத் தின்னுட்டு சொவத்தைப் பாத்துப் படுத்துக்கிடுதாக. என்னைத் தீத்துட்டு வேற ஒருத்தியை..."

அழுதாள்.

"ஸ்லோ பாய்சன்!" என்றேன் நான்.

எந்த விஷத்துக்கு மீசை முளைக்கும் என்று யோசித்திருக்கலாம். யோசிக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

"பீரோவைத் தொறட்டி!"

திறந்தாள். சட்டைகளைக் கலைத்தேன். அடியில் ஒரு மஞ்சப்பை. அதற்குள்...

வெள்ளிப் பாக்கெட்டுகள்! ஷாம்பு பாக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. மேலே அச்சடித்திருந்த பெயர் பிளேடால் சுரண்டப்பட்டிருந்தது.

ஒன்றை முகர்ந்தேன்.

ஸ்பிரிட்!

"என்ன செய்யுதீய இங்கன?"

பின்னால் குரல். திரும்பினோம்.

செந்தில்வேல்! இடுப்பில் வேட்டி, உடம்பெல்லாம் எண்ணெய். முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

"இது என்னதுங்க?" ஸ்ரீமதி உறுமினாள்.

"அது... வந்து..."

அவன் பார்வை என் மேல் விழுந்தது. உடனே பையைப் பிடுங்கினான். ஓடினான்! பைக் சீறியது. குற்றாலம் ரோட்டில் மறைந்தது.

"ஓடுதாரு பாரு! குற்றவாளி!" போனை எடுத்தேன்.

"அக்கா, வேணாம்..."

"உயிரு போன பொறவு வேணாம்னு சொல்ல முடியுமாட்டி?"

* * *

இன்ஸ்பெக்டர் சுந்தரபாண்டி ஜீப்பில் முன்னால். ஸ்ரீமதியும் நானும் பின்னால். என்னை யாரும் ஏறச் சொல்லவில்லை. இறங்கவும் சொல்லவில்லை.

"எம்மா, உறுதியாச் சொல்லுதியா? கேஸுன்னு போட்டா உன் வீட்டுக்காரர் வேலை போயிரும். ஜெயிலுக்கும் போவாரு."

ஸ்ரீமதி முந்தானையை இழுத்துப் பிடித்தாள். அதற்கு மேல் கண்கள் மட்டும் தெரிந்தன.

"நல்லவருதான் சார்," என்றாள் கடைசியில். "அதான் பயமா இருக்கு."

மெயின் அருவி. தண்ணீர் இரைந்து கொட்டியது. ஆண்கள் வரிசை நீண்டிருந்தது. அத்தனை பேரும் எண்ணெய் முதுகு! அதில் கொலைகாரனை எங்கே தேடுவது?

"ஏலே, செந்தில்வேலு!" ஸ்ரீமதி போட்டாள் ஒரு சத்தம்.

கல்யாணமான நாளிலிருந்து 'என்னங்க' என்பதைத் தாண்டாதவள்! கேட்ட குரலுக்கு வரிசையே திரும்பியது. மசாஜ்காரர்கள் கூட எழுந்து நின்றார்கள்.

ஒரு முதுகு மட்டும் திரும்பாமல் அருவிக்குள் நுழைந்தது.

இன்ஸ்பெக்டர் யூனிபாரத்தோடு உள்ளே பாய்ந்தார். தொப்பி போனது. எண்ணெய்த் தோள் அவர் பிடியிலிருந்து இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை வேட்டி மாட்டியது. இடுப்பில் செருகியிருந்த மஞ்சப்பையும் கிடைத்தது.

"ஏலே, என்ன பாக்கெட் இது? விஷமா?"

"ஐயோ, இல்ல சார்!"

"பின்ன?"

செந்தில்வேல் என்னைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டான்.

"ஜெயிலுக்குப் போறேன் சார். இங்கன வச்சுச் சொல்ல மாட்டேன்."

"எங்கன வச்சுச் சொல்லுவ?"

"கடையநல்லூர்ல..."

* * *

கடையநல்லூர். ஹார்மோன் டாக்டர் ஹாஜரா பீவியின் கிளினிக்.

மூன்று பேரும் உள்ளே போனார்கள். "நீங்க வெளிய இருங்க," என்று என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார் இன்ஸ்பெக்டர். அறைக்கும் வராந்தாவுக்கும் நடுவே ஒரே ஒரு திரை.

திரையாம், திரை! பழுதான லைன்லயே ஊர்க்கதை கேட்டவள் நான்.

"இவுங்க முன்னால சொல்லட்டுமா?" டாக்டர் குரல்.

"சொல்லுங்க டாக்டர். வேற வழியில்ல."

"இன்ஸ்பெக்டர் சார், இது விஷம் இல்ல. டெஸ்டோஸ்டிரோன் ஜெல். ஆம்பளைங்களுக்கு அந்த ஹார்மோன் கம்மியா இருந்தா, ரத்தம் டெஸ்ட் பண்ணி நாங்க எழுதிக் குடுக்கது. அசதி, எதுலயும் பிடிப்பு இல்ல, ஆசை இல்லன்னு இவரு வந்தாரு. ரெண்டு தடவை காலையில ரத்தம் பாத்தோம். ரெண்டுலயும் கம்மி."

ஸ்ரீமதி மூச்சை இழுத்தது வராந்தா வரை கேட்டது.

"சொவத்தைப் பாத்துப் படுத்தது... அதுக்கா?"

மூக்கை உறிஞ்சும் சத்தம். யார் என்று தெரியவில்லை. திரைக்கு இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போனேன்.

"செந்தில்வேல், காலையில என்ன செய்யுதீங்கன்னு வரிசையாச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

"ரூமைச் சாத்திட்டுத் தோள்ல தடவுவேன்."

"அப்புறம்?"

"சீசன்லா டாக்டர்... இவ எண்ணெய் தேச்சு விடுவா. அப்புறம் அருவிக்குப் போயிருவேன்."

டாக்டர் பேனாவை மேஜையில் போட்டார்.

"எண்ணெயை எங்க தேப்பாங்க?"

"தோள்ல..."

"எதால?"

"கையால..."

"யா அல்லாஹ்! தடவினதும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும், ஜெல் நல்லாக் காஞ்சதும் சட்டையைப் போட்டு மூடணும், பொம்பளைங்க, பிள்ளைங்க மேல அந்த இடம் படவே கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? பட வேண்டி வந்தா, முன்னாலயே சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன்லா? தடவிட்டுச் சில மணி நேரம் குளிக்கக் கூடாதுன்னும் சொன்னேனே!"

"சொல்லிக்கிட்டே இருந்தீய டாக்டர். வராந்தாவுல எங்க தெரு ஆளு மாதிரி ஒரு தலை தெரிஞ்சுது. பாதியில எந்திரிச்சு ஓடிட்டேன். பொறவு வரவே பயம்..."

"அதான் மறு டெஸ்ட்டுக்கும் வரல்லையா? மருந்துல ஒரு பங்கு உங்க வீட்டம்மா கையில. ஒரு பங்கு குற்றாலத்து அருவியில. உங்களுக்கு என்ன மிச்சம்?"

"குணம் தெரியல்லன்னு... ஒரு பாக்கெட்டை ரெண்டாக்கிட்டேன்."

"என்னைக் கேக்காமலா! ரத்தம் கெட்டியாயிரும், புராஸ்டேட்டைக் கவனிக்கணும். அதுக்குத்தானே டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுதோம்? அளவைக் கூட்டுறது நீங்க இல்ல, நான்!"

அங்கேயே இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். சாயங்காலம் ரிசல்ட் வந்தது. செந்தில்வேலுக்கு இன்னமும் குறைவு. ஸ்ரீமதிக்கு, ஒரு பெண்ணுக்கு இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு!

"கேஸை யாரு பேருல போட?" இன்ஸ்பெக்டர் தும்மினார். யூனிபாரம் இன்னும் காயவில்லை. "எண்ணெய் பேருலயா, அருவி பேருலயா?"

"எனக்கு இது போயிருமா டாக்டர்?" ஸ்ரீமதியின் குரல்.

"தொடுதது நின்னா பரு அடங்கும், மாசமுறை சரியாகும், முடியும் மெல்லக் கொறையும். குரல்... தேறும்னு நெனைக்கேன். முழுசாப் பழையபடி ஆகும்னு சத்தியம் பண்ண முடியாதும்மா."

நாற்காலி நகரும் சத்தம். பிறகு, கண்டக்டர் குரலில்தான், ஆனால் மெதுவாக...

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?"

"உன்கிட்ட சொல்ல எனக்கென்ன வெக்கம், ஸ்ரீமதி?" செந்தில்வேல் அழுதேவிட்டான். "ஆனா நீ ஜோதி அக்காகிட்ட ஒண்ணு விடாம ஒப்பிப்ப. அக்கா காதுல விழுந்தா வாசுதேவநல்லூர் வரைக்கும் தெரிஞ்சிரும். அதுக்குப் பயந்துதான் பேரைச் சுரண்டுனேன். ஒளிச்சு வச்சேன். ஓடினேன்..."

சரக்!

திரை விலகியது.

நாலு ஜோடிக் கண்கள். நடுவில், திரை இருந்த இடத்தில், என் காது!

விஷம் வைத்தவள் அகப்பட்டுவிட்டாள்.

"நான்... தண்ணி குடிக்க..." என்றேன்.

"எம்மா," இன்ஸ்பெக்டர் கிட்டே வந்தார். "இது வெளிய கசிஞ்சுதோ, இவ புருசனைக் கொலைகாரன்னு புகார் குடுத்ததுக்கு உங்களைத்தான் மொதல்ல உள்ள வைப்பேன்."

"மூச்சு விட மாட்டேன் சார்!"

விடவில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் என்னைக் கூப்பிட்டது. போகவில்லை. வயிறு உப்பியது. தூக்கம் போனது. காசி விஸ்வநாதரிடம் மட்டும் லேசாக ஆரம்பித்து, அங்கே பூக்காரி நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில், தாங்க முடியாமல் பேச்சிராஜ் டீக்கடைக்குப் போனேன். கடை முன்னால் கூட்டம். நடுவே ஸ்ரீமதி!

"ஏ மாரிச்செல்வி! உன் வீட்டுக்காரர் ஜெல் ஏதும் தடவுதாரான்னு கேளு. தடவினாச் சட்டையைப் போடச் சொல்லு. அவரு வெக்கப்பட்டு மறைச்சா, மீசை உனக்குத்தான் முளைக்கும்!"

பக்கத்தில் செந்தில்வேல். கழுத்து வரை பட்டன் போட்ட முழுக்கைச் சட்டை. வெளியே வந்துவிட்ட ரகசியம் அவனுக்குப் புது முகமே கொடுத்திருந்தது. சிரித்துக்கொண்டே யாருக்கோ டாக்டர் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தான். கேட்டவர் கர்ச்சீப்பால் முகத்தை மறைத்திருந்தார். வரிசையில் இன்னும் இரண்டு கர்ச்சீப்புகள்!

பேச்சிராஜ் என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தான்.

"ஏக்கா, ஊருக்கே தெரிஞ்ச விசயம்... உங்களுக்குத்தான் தெரியாதாமே? உக்காருங்க, சொல்லுதேன்!"

வாழ்க்கையில் நான் கட்டிக்காத்த ஒரே ரகசியம்... அதை முதலிலிருந்து எனக்கே விளக்கிச் சொல்லி, டீக்கும் காசு வாங்கிக்கொண்டான் பாவி!