இடப்பக்கத்துப் பங்கு

இன்று தட்டின் இடது பாதியும் காலியாகியிருந்தது.

ஜெஸ்மிக்கு முதலில் சந்தோஷம்தான். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய இருபது நாளாக அவள் கணவன் நேசக்குமார் வலது பாதிச் சோற்றை மட்டுமே தின்பான். இடப்பக்கம் மீனே இருந்தாலும் சீந்தமாட்டான். ஸ்கேன் படத்தைக் காட்டி டாக்டர் சொல்லியிருந்தார்:

"இது மூளையோட மேலுறை. முன்பக்கம் யோசிக்கிறதுக்கு, பின்பக்கம் பார்க்கிறதுக்கு. வலது காதுக்கு மேல இந்த இடம் செத்துப்போச்சு. கண்ணு நல்லாத்தான் இருக்கு. ஆனா இடப்பக்கம்னு ஒண்ணு இருக்கிறதே மூளைக்குத் தெரியல. அந்தப் பக்கமா உட்கார்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருங்கம்மா. என்னைக்குத் திரும்புறாரோ, அன்னைக்குப் பிழைச்சுக்கிட்டார்."

"முழுசாச் சாப்பிட்டுட்டீங்களே!" என்றாள்.

"எங்க முழுசா? சாளை மீனைக் கண்ணுலயே காட்டல. எல்லாத்தையும் நீயே தின்னுட்டு என்னையக் கேலி பண்ணுதியா?"

சிரிக்க வந்தவள் நிறுத்திக்கொண்டாள். தட்டின் இடது விளிம்பில் ஈரம். கடல் தண்ணீரின் வாடை.

சங்கு குளித்த காலத்தில் அவனும் கூட்டாளி சுடலைமாடனும் வள்ளத்தில் ஒரே தட்டில்தான் சாப்பிடுவார்கள். வலப்பக்கம் இவன், இடப்பக்கம் அவன். மூன்று வருஷத்துக்கு முன் ஆழத்தில் சுடலைமாடனின் காற்றுக்குழாய் அறுந்தது. தன் இடது கையைப் பற்றியவனை உதறிவிட்டுத்தான் நேசக்குமார் தனியாக மேலே வந்தான். அது ஜெஸ்மிக்கு மட்டும் தெரியும்.

வெளியே மத்தியான வெயில் கொளுத்தியது. துறைமுகத்தில் ஏதோ கப்பல் நீளமாக ஊதி ஓய்ந்தது. அது ஓய்ந்த பிறகு, மின்விசிறிச் சத்தத்துக்கு அடியில், வாயில் குழாயைக் கவ்வி மூச்சிழுக்கும் சத்தம் ஒன்று, அழுகிய சங்குச் சதையின் வீச்சத்தோடு, அவன் உட்கார்ந்திருந்த கட்டிலின் இடப்பக்கத்திலிருந்து விட்டு விட்டு வந்துகொண்டே இருந்தது.

ஓடிவிடலாம். ஆனால் இவர் பிழைக்க வேண்டுமே.

சுற்றிப் போய் இடப்பக்கம் உட்கார்ந்தாள். மெத்தை சொதசொதவென்றிருந்தது.

"ஏங்க, இங்கன பாருங்க."

அவன் திரும்பவில்லை.

"நான்தான், ஜெஸ்மி. இங்கன இருக்கேன்."

கழுத்து அசைந்தது. மெல்ல. இன்னும் கொஞ்சம். திரும்பிவிட்டான்.

அவன் பார்வை அவள் மேல் நிற்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் நின்றது.

"ஏலே சுடல... என் கையை எடுத்துக்கோ. அவள விட்ருலே."

மூச்சுச் சத்தம் நின்றது.

ஜெஸ்மி குனிந்தாள். அவள் மணிக்கட்டைச் சுற்றி ஐந்து விரல்கள். தண்ணீரில் ஊறி வெளுத்தவை. மீன் கொத்தியவை. மெதுவாக இறுகிக்கொண்டிருந்தன.